நெட்டைக்கல், குட்டைக்கல்

ஏர்ல்ஸ் பார்ட்டன் தேவாலயத்தின் கோபுரத்தில் முதலில் கண்ணில் படுவது அதன் பட்டைகள். உயரமும் பழைமையும் அப்புறம்தான். ஒரு சாண் அகலம் இருக்கலாம், கல்லில் செதுக்கிய பட்டைகள் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக ஓடுகின்றன. முதல் தளத்துக்கு மேலே அரைவட்டங்களாக வளைகின்றன. அதற்கும் மேலே ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து முக்கோணங்களாகக் கூடுகின்றன. இடைப்பட்ட இடமெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மரச்சட்டங்களை வெட்டி ஆணியடித்து, நடுவில் வெள்ளை பூசிவிட்டுப் போனது மாதிரி இருக்கும். கிட்டே போனால் எல்லாமே கல்.

ஊர் நார்தாம்ப்டனுக்குக் கிழக்கே, பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஷூ தைக்கிற ஊர். ‘கிங்கி பூட்ஸ்’ படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம், அந்தக் கதைக்கு மூலமான தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. அதற்கும் ஆயிரம் வருடம் முன்னால், 10-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுந்தது இந்தக் கோபுரம். 1972-ல் பிரிட்டிஷ் அஞ்சல்துறை கிராமத் தேவாலயங்களுக்கென ஒரு தபால்தலை வரிசை வெளியிட்டபோது நாலு பென்ஸ் தலையில் இதைத்தான் போட்டார்கள். பிரபலம்தான். ஆனால் நாங்கள் போன சனிக்கிழமை அங்கே எங்களைத் தவிர ஒரு பூனை மட்டும் இருந்தது.

நாங்கள் என்றால் நானும் அண்ணனும். அண்ணன் சொந்த அண்ணன் இல்லை. திருநெல்வேலிக்காரர், கட்டடங்களுக்கு பாரம் கணக்குப்போடும் என்ஜினீயர், நார்தாம்ப்டனில் எனக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறார். எந்தக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றேதான்: பாரம் எது வழியா கீழே இறங்குது? கோபுரத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு அன்றைக்கும் அதையேதான் சொன்னார்.

“தம்பி, இந்தப் பட்டை ஒண்ணும் லோடு எடுக்கலியே. வளைவு இருக்கு, அதுக்கு மேல தாங்குறதுக்கு ஒண்ணுமே இல்ல. சும்மா ஒட்டி வச்சிருக்கான்.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பவும் மூலைக்குப் போய், “நில்லு நில்லு, இது உள்ள போகுது பாரு” என்றார்.

அவர் காட்டியது மூலைக்கற்களை. ஆங்கிலோ-சாக்சன் கோபுரங்களை அடையாளம் காண இதைவிடச் சுலபமான வழி கிடையாது. மூலையில் ஓர் ஆளின் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் தூண்போல செங்குத்தாக நிற்கும். அதன் தலைமேல் ஒரு தட்டையான பலகைக்கல் படுத்திருக்கும். அதன்மேல் மறுபடியும் ஒரு நெட்டைக்கல், மறுபடியும் ஒரு படுக்கைக்கல். இப்படியே உச்சிவரை. இதை ஆங்கிலத்தில் என்ன பெயரால் சொல்கிறார்களோ அதைத் தமிழில் சொன்னால் ‘நெட்டை-குட்டை வேலை’ என்றுதான் வரும். புலமைப் பெயர் எதுவும் இல்லை, கொத்தனார் சொல்கிற மாதிரி ஒரு பெயர். இதில் படுத்திருக்கும் கல்தான் விஷயம். அது சுவருக்குள் ஆழமாக நுழைந்து, உள்ளே இருக்கிற ஒழுங்கில்லாத கல்-சுண்ணாம்புக் குவியலைப் பிடித்துக்கொள்கிறது. பட்டைகளிலும் பல இடங்களில் இதே நெட்டை-குட்டை முறை உண்டு. ஆக முழுக்க அலங்காரம் என்றும் சொல்ல முடியாது, முழுக்கத் தாங்குகிறது என்றும் சொல்ல முடியாது. அண்ணன் இதில் திருப்தியடையவில்லை. என்ஜினீயர்களுக்கு ஆமாம் அல்லது இல்லை வேண்டும்.

பட்டைகளைப் பற்றி நெடுநாளாக ஒரு சண்டை இருக்கிறது. ஒரு தரப்பு சொல்வது: இது மரத்தின் ஞாபகம். இந்த மக்கள் அடிப்படையில் மரத்தில் கட்டியவர்கள். வீடு, மண்டபம், முதல் தேவாலயங்கள் எல்லாமே மரம். பழைய ஆங்கிலத்தில் ‘கட்டு’ என்பதற்கான வினைச்சொல் ‘டிம்ப்ரியன்’. இன்றைய ஆங்கிலத்தில் மரத்தைக் குறிக்கும் டிம்பர் அதன் உறவுக்காரச் சொல். கல்லில் ஒரு தேவாலயம் எழுப்பினாலும் அவர்கள் அதை ‘டிம்ப்ரியன்’ என்றே எழுதினார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் ‘கல்தச்சர்’ என்ற சொல் ஞாபகம் வந்தது. தச்சு மரத்துக்கானது, ஆனால் கல்லைச் செதுக்குகிறவரையும் நாம் தச்சர் என்றே அழைக்கிறோம். கைத்தொழிலில் பொருள் மாறினாலும் பேர் சட்டென்று மாறுவதில்லை. பேர் மாறாதபோது கை மட்டும் ஏன் மாற வேண்டும்? அப்படியிருக்க, மரச்சட்டங்கள் கல்லில் தலைகாட்டியதில் என்ன ஆச்சரியம்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முக்கோணத் தலை வைத்த ஜன்னல்களும் கதவுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. வளைவு கட்டத் தெரியாமல் இல்லை, பக்கத்திலேயே அரைவட்ட வளைவும் இருக்கிறது. ஆனாலும் இரண்டு கற்பலகைகளை ஒன்றோடொன்று சாய்த்து, கூரை போட்ட மாதிரி ஒரு திறப்பை மூடுகிறார்கள். தச்சனுக்கு அதுதான் இயல்பு. மேலே மணி தொங்கும் தளத்தில் திறப்புகளுக்கு நடுவே நிற்கிற குட்டித் தூண்களைப் பார்த்தால் இன்னும் உறுதிப்படும். நடுவில் புடைத்து, அங்கங்கே வளையம் வளையமாக, அசல் கடைசல் வேலை. தொட்டில் கால் மாதிரி இருக்கும். ஏர்ல்ஸ் பார்ட்டனில் இப்படி ஐந்து சின்ன வளைவுகள் ஒரே வரிசையில், நடுநடுவே இந்தத் தொட்டில் கால்கள். மற்ற ஊர்களில் பெரும்பாலும் இரட்டைத் திறப்புதான், நடுவில் ஒற்றைத் தூண். அந்தத் தூணும் சுவரின் வெளிமுகத்தில் நிற்காது, சுவர்த் தடிமனின் மையத்தில் தனியாக நிற்கும். அதன் தலையில் ஒரு நீளமான கல், சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை. கீழே நின்று பார்த்தால் அந்தத் தூண் நிழலுக்குள் நிற்பதுபோல் தெரியும். நார்மன் கோபுரங்களின் பருத்த, அலட்டலான ஜன்னல்களைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

மறுதரப்பு கேட்பது: எந்த மரவீட்டின் ஞாபகம் இது? அகழாய்வில் கிடைத்திருக்கிற அந்தக் காலத்து மரக்கட்டடங்கள் தரையில் குழி அல்லது பள்ளம் தோண்டிக் கம்பங்களை நட்டு, பலகைகளால் சுவர் அடைத்தவை. சாய்ந்தும் குறுக்குமாகச் சட்டங்கள் தெரிகிற, நடுவில் வெள்ளைப் பூச்சுள்ள வீடுகள் நாம் காலண்டர்களில் பார்ப்பவை. அவை பல நூற்றாண்டுகள் பிந்தியவை. அதாவது நாம் பின்னால் வந்த வீட்டின் படத்தை மனதில் வைத்துக்கொண்டு, முன்னால் வந்த கோபுரத்தில் அதைத் தேடுகிறோம். ஆனால் சுவரில் கல்பட்டை ஓடவிடுகிற வழக்கம் அப்போது ஐரோப்பாவில் வேறு இடங்களில் கல்லிலேயே இருந்தது. ரைன் நதிக்கரையில் இருந்தது, இத்தாலியின் வடக்கே லொம்பார்டியில் இருந்தது. ரோமானியர்கள் சுவர்களில் அரைத்தூண் பதித்த பழக்கத்திலிருந்து வந்த வாரிசு அது. இங்கிலாந்தின் கல்தச்சர்கள் அதைப் பார்த்தோ கேட்டோ, தங்கள் கைக்கு ஏற்றபடி, கொஞ்சம் மிதமிஞ்சியே பயன்படுத்திக்கொண்டார்கள்.

தெற்கே சசெக்ஸில் சாம்ப்டிங் என்ற ஊரில் புனித மேரி தேவாலயக் கோபுரத்தின் தலையைப் பார்த்தால் இந்த இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்ந்துவிடுவோம். நாலு பக்கமும் கூர்முகடாக எழும்பி, அந்த முகடுகளுக்கு நடுவிலிருந்து நாலு சாய்சதுரக் கூரைகள் கிளம்பி உச்சியில் கூடும். ரைன்லாந்தில் இந்தக் கூரை தெருவுக்குத் தெரு உண்டு. இங்கிலாந்தில் பழைய கோபுரம் ஒன்றின்மேல் இப்படி மிஞ்சியிருப்பது சாம்ப்டிங்கில் மட்டுமே.

இந்தச் சண்டையில் எது சரி என்பது கட்டடக்கலை மாணவர்களுக்கு மட்டுமான விஷயமாகத்தான் எனக்கும் முதலில் இருந்தது. அப்படி இல்லையென்று பட்டது பிறகுதான். அதற்கு முன்னால் ரிக்மனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

தாமஸ் ரிக்மன் 1776-ல் பிறந்தவர், குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். மருத்துவம் பார்த்தார், வியாபாரம் செய்தார், நொடித்துப்போனார், லிவர்பூலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். முதல் மனைவி இறந்த துக்கத்தில் நீண்ட நடைகள் போக ஆரம்பித்து, போகிற வழியில் இருந்த பழைய தேவாலயங்களைப் பார்க்கவும் குறித்துக்கொள்ளவும் தொடங்கினார். குவேக்கர்களுக்கு இந்தக் கோபுரங்களோடும் மணிகளோடும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது இதில் ஒரு வேடிக்கை. 1817-ல் இங்கிலாந்தின் மத்தியகாலக் கட்டடங்களைக் காலவரிசையில் பிரிக்கும் அவருடைய புத்தகம் வந்தது. அவர் வைத்த பெயர்களைத்தான் இன்றைக்கும் ஒவ்வொரு தேவாலயத்தின் கையேட்டிலும் அச்சடிக்கிறார்கள்.

அவருக்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்றால், அரைவட்ட வளைவு கண்ட இடத்திலெல்லாம் அறிஞர்கள் ‘சாக்சன்’ என்று எழுதினார்கள். அவற்றில் பெரும்பாலானவை 1066-க்குப் பின் நார்மன்கள் கட்டியவை. உண்மையான சாக்சன் வேலை எது என்று யாருக்கும் தனியாகப் பிரித்துக் காட்டத் தெரியவில்லை. ரிக்மன் 1819-ல் லிங்கன்ஷையரில் ஹம்பர் நதிக்கரையில் உள்ள பார்ட்டன்-அபான்-ஹம்பர் என்ற ஊரின் புனித பீட்டர் தேவாலயத்துக்கு வந்தார். அந்தக் கோபுரத்தின் கீழ்ப்பகுதியில் பட்டைகள்: ஒரு வரிசை அரைவட்டம், அதற்கு மேல் ஒரு வரிசை முக்கோணம். உச்சித் தளத்தில் மட்டும் பட்டைகள் இல்லை, கல்வேலையே வேறு. மேல்தளம் நார்மன் தொடக்க காலத்தது என்று அவர் கணித்தார். அப்படியானால் அதற்கு அடியில், வேறொரு கையால் கட்டப்பட்டிருப்பது எந்தக் காலம்? மேலே இருப்பதைத் தாங்கிக்கொண்டு கீழே இருப்பது அதைவிட இளையதாக இருக்க முடியாது.

இவ்வளவுதான் வாதம். சிறுபிள்ளைகூடச் சொல்லிவிடலாம். ஆனால் அதுவரை யாரும் சொல்லவில்லை. நெட்டை-குட்டை, பட்டை, முக்கோணத் தலை, சுவர்நடுத் தூண் என்று இன்று நாம் பட்டியலாகத் தெரிந்துவைத்திருக்கிற அடையாளங்களை இந்த அடித்தளத்தின் மேல்தான் பிறகு சேர்த்தார்கள். 1965-ல் ஹரால்டு டெய்லரும் அவர் மனைவி ஜோன் டெய்லரும் ஊர் ஊராகப் போய் அளந்து இரண்டு பெரும் தொகுதிகள் கொண்டுவந்தார்கள். மூன்றாவது 1978-ல் வந்தது. ஹரால்டு நியூசிலாந்துக்காரர், படித்தது கணிதம். இந்தத் துறையில் உருப்படியான வேலை செய்தவர்கள் பலர் வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதை நான் ஒரு சந்தோஷத்தோடு கவனித்து வைத்திருக்கிறேன்.

1066 என்பது பாடப்புத்தகத்தில்தான் கோடு. ஹேஸ்டிங்ஸ் போர் முடிந்த மறுவாரம் லிங்கன்ஷையர் கொத்தனார்கள் புதிய உளி வாங்கிவிடவில்லை. அவர்கள் அதே இரட்டைத் திறப்பு மணிமாடங்களை நார்மன் ஆட்சியிலும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் அந்தப் பக்கத்துக் கோபுரங்கள் பலவற்றை சாக்சன் என்பதா நார்மன் என்பதா என்று இன்றும் பட்டியல் போடுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

பார்ட்டன்-அபான்-ஹம்பரில் 1978 முதல் 1984 வரை வார்விக் ராட்வெல் தலைமையில் தோண்டினார்கள். 2,700-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஏறக்குறைய 900 வருடங்களாக ஓர் ஊர் தன் பிணங்களைப் புதைத்த இடம். ஈரமான மண் என்பதால் மிகப் பழைய மரச்சவப்பெட்டிகள்கூட மக்காமல் கிடைத்தன. ஆய்வுகள் முடிந்து அந்த எலும்புகள் தேவாலயத்துக்கே திரும்பி, இப்போது அதற்குள்ளேயே ஓர் எலும்பறையில் இருக்கின்றன. அகழாய்வு இன்னொன்றையும் உறுதிப்படுத்தியது. முதலில் அங்கே இருந்த தேவாலயத்துக்கு மையம் கோபுரமே. மேற்கே ஓர் ஒட்டறை, கிழக்கே பலிபீடத்துக்கு ஒரு சின்ன அறை, நடுவில் கோபுரம். மக்கள் கூடி நின்றது கோபுரத்தின் அடித்தளத்தில். கிழக்கறையை இடித்துவிட்டு இப்போது நாம் பார்க்கிற பெரிய தேவாலயத்தைப் பிற்காலத்தில் ஒட்டவைத்தார்கள்.

ஏர்ல்ஸ் பார்ட்டனும் பெரும்பாலும் இதே வகைதான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் காட்சியே மாறிவிடும். தேவாலயத்துக்குக் கோபுரம் வைத்தார்கள் என்பது போய், கோபுரத்துக்குப் பின்னால் தேவாலயம் முளைத்தது என்றாகிவிடும். ஆனால் அடித்தளத்தின் உள்ளளவு ஒரு பெரிய வரவேற்பறை அளவுதான். ஊர் முழுக்க நிற்க இடம் போதாது. யாருக்காக இவ்வளவு செலவு?

11-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு சட்டக் குறிப்பு இருக்கிறது, யார்க் பேராயர் உல்ஃப்ஸ்டனோடு தொடர்புபடுத்தப்படுவது. சாதாரணக் குடியானவன் ஒருவன் முன்னேறி, ஐந்து ‘ஹைடு’ நிலமும் தேவாலயமும் சமையற்கட்டும் மணிவீடும் கோட்டைவாசலும் அரசவையில் ஓர் இடமும் பெற்றுவிட்டால் அவன் ‘தேன்’ என்ற பிரபுத் தகுதிக்கு உரியவன் என்று அது சொல்கிறது. அந்தப் பட்டத்தின் உச்சரிப்பு ஏறக்குறைய நம் தேன்தான், அதற்கு நான் பொறுப்பில்லை. ஆக மணிவீடு ஓர் அந்தஸ்து. ஏர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்துக்கு வடக்கே ஒரு மேடும் அகழிப் பள்ளமும் இன்றும் இருக்கின்றன. இவ்வகைக் கோபுரங்களைப் பற்றி 2019-ல் மைக்கேல் ஷாப்லண்ட் எழுதிய புத்தகத்தின் தலைப்பே இவற்றைப் பிரபுத்துவத்தின் கோபுரங்கள் என்கிறது. தெய்வத்துக்கு ஒரு தளம், மணிக்கு ஒரு தளம், நடுவில் ஐயாவின் வீட்டுக்காரியங்களுக்கு ஒரு தளம். உயரத்தில் வெட்டவெளியைப் பார்த்துத் திறக்கிற கதவுகளுக்கு அப்போதுதான் கொஞ்சம் அர்த்தம் கிடைக்கிறது. படிக்கட்டு கிடையாது, உள்ளே மரஏணிதான். வெளியே, தலைக்கு மேல் ஒரு முழுக் கதவு, அதற்கு வெளியே காற்று. அங்கே ஒரு மர மாடம் இருந்திருக்கலாம். பிரபு அதில் வந்து நின்றிருக்கலாம். புனிதர் எலும்பைக் காட்டியிருக்கலாம் என்கிறார்கள் சிலர்.

“அப்ப இது ஷோ-தான்” என்றார் அண்ணன். பட்டைகளுக்கு விடை கிடைத்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. “தூரத்துல வாறவனுக்குத் தெரியணும், யாரு ஊருன்னு.”

நான் தலையாட்டினேன். பத்தாம் நூற்றாண்டில் கல் என்றாலே ரோமாபுரி. ஒருவன் கல்லில் கட்டினான் என்றால் இங்கிருந்த ரோமானியர்களின் மிச்சங்களைப் பார்த்துக்கொண்டே கட்டினான். பல நேரம் அந்த மிச்சங்களையே எடுத்துக் கட்டினான். பிரிக்ஸ்வர்த்தில் வளைவுகளெல்லாம் ரோமானியச் செங்கல். கோர்பிரிட்ஜ் தேவாலயக் கோபுரத்தின் அடியில் நிற்கும் வளைவு ரோமானிய வளைவேதான், அப்படியே பிரித்துக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். லிங்கனில் புனித மேரி-லெ-விக்ஃபோர்டு கோபுரத்தில் பதித்திருக்கும் கல் ஒரு ரோமானியக் கல்லறைக்கல். கீழே இறந்தவரைப் பற்றிய லத்தீன் வரிகள், மேலே முக்கோணப் பகுதியில் பழைய ஆங்கிலத்தில் இன்னொரு செய்தி: எயர்டிக் என்பவர் இந்தத் தேவாலயத்தைக் கட்டுவித்துக் கொடையும் அளித்தார். ஒருவரின் சாவுக்கல்லில் இன்னொருவரின் கல்வெட்டு. யாரும் அதை மறைக்க நினைக்கவில்லை. லத்தீன் வரிகள் அப்படியே இருக்கின்றன.

இதையெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்தது 2024-ன் கோடையில். ஜூலை 29-ஆம் தேதி சவுத்போர்ட்டில் நடனப் பயிற்சிக்கு வந்த மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்திறங்கிய அகதி என்று ஒரு பொய் பரவியது. அடுத்த சில நாட்கள் ஊர் ஊராகக் கலவரம். அகதிகள் தங்கிய விடுதிகளைக் கொளுத்தப் பார்த்தார்கள், மசூதிகளைத் தாக்கினார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்திதான்: இருட்டின பிறகு வெளியே போகாதீங்க, பிள்ளைங்களைக் கடைக்கு அனுப்பாதீங்க. நான் வேலைக்குப் போகும் பேருந்தில் வழக்கமாகக் கடைசி இருக்கையில் உட்காருவேன், அந்த வாரம் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அந்த நாட்களில்தான் இணையத்தில் யாரோ ஒருவர் பட்டைகள் ஓடும் ஒரு கோபுரத்தின் படத்தைப் போட்டிருந்தார். எந்தக் கோபுரம் என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. கீழே எழுதியிருந்தது, இதைக் கட்டியவர்களின் ரத்தம் எங்களுடையது, மற்றவர்கள் கிளம்பலாம் என்ற பொருளில்.

இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு கல்லூரிகளும் கஷ்டப்படுகின்றன. ஆங்கிலோ-சாக்சன் ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2019-ல் நீண்ட சண்டைக்குப் பிறகு தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லையே எடுத்துவிட்டது. சொல்லை எடுக்க வேண்டுமா என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து இல்லை. கோபுரங்களைப் பொறுத்தவரை அது ஒரு காலத்தின் பெயர், வசதியாக இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த இரவில் மரமா கல்லா என்ற அந்தப் பழைய சண்டை எனக்கு வேறு மாதிரி கேட்டது. பட்டைகள் மரத்தின் ஞாபகம் என்றால் அவை இந்த மண்ணிலேயே முளைத்தவை. ரைன்லாந்திலிருந்து வந்தவை என்றால் இரவல். இவ்வளவு நாளாக அந்த முதல் விடையை ஏன் அவ்வளவு பேருக்குப் பிடித்திருந்தது என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். எனக்கேகூட அது பிடித்திருந்தது, ‘கல்தச்சர்’ என்ற ஒரு சொல்லின் ருசிக்காக. இப்போதும் அந்த விடையை முழுசாகத் தள்ள மாட்டேன். தொட்டில் கால் தூணைக் கடைந்தவனுக்கு மரம் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

ஆகஸ்ட் முதல் வாரயிறுதியில் நாங்கள் சண்டர்லண்ட் போவதாக இருந்தது. ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 2, இரவு சண்டர்லண்ட் நகரமையத்தில் கலவரம். காவலர்கள் காயமடைந்தார்கள், காவல் அலுவலகத்தை ஒட்டிய கட்டடம் எரிந்தது. அண்ணன் போன் பண்ணி, “தம்பி, கல்லு எங்கயும் ஓடாது. ஆயிரத்து முந்நூறு வருசமா நிக்குது, இன்னும் ரெண்டு மாசம் நிக்கும்” என்றார். அவர் மனைவி பின்னாலிருந்து, “நீங்களும் போகக்கூடாது, அவனையும் போகவிடக்கூடாது” என்பது கேட்டது.

அக்டோபரில் போனோம். நாங்கள் பார்க்கப் போனது மங்க்வேர்மவுத். வேர் நதிக்கு வடகரையில், கலவரம் நடந்த தெருக்களிலிருந்து நடந்தே போய்விடலாம். 674-ல் நார்தம்பிரிய அரசன் எக்ஃப்ரித் கொடுத்த நிலத்தில் பெனடிக்ட் பிஸ்கப் என்ற துறவி இங்கே ஒரு மடம் தொடங்கினார். பிஸ்கப் பிரபுக்குடும்பம், உள்ளூர்க்காரர், ஆனால் கால் ஓரிடத்தில் தரிக்காதவர். திரும்பத் திரும்ப ரோமாபுரிக்குப் போய்ப் புத்தகங்களும் ஓவியங்களும் சுமந்து வந்தார். ஒருமுறை அவர் வழித்துணையாக வந்தவர் கான்டர்பரியின் புதிய பேராயர் தியடோர், இன்றைய துருக்கியில் உள்ள டார்சஸ்காரர். தியடோருக்குத் துணையாக அனுப்பப்பட்ட ஹேட்ரியன் ஆப்பிரிக்காக்காரர். இங்கிலாந்தின் திருச்சபைக்கு ஒழுங்கு வைத்தவர்கள் இவர்கள் இருவரும்.

கல்லில் தேவாலயம் கட்ட வேண்டும் என்று முடிவானதும் பிஸ்கப் கடல் தாண்டி கால் தேசத்துக்கு, அதாவது இன்றைய பிரான்சுக்கு, போய்க் கொத்தனார்களை அழைத்துவந்தார். கட்டடம் முடிகிற நேரத்தில் கண்ணாடி செய்கிறவர்களுக்கும் ஆள் அனுப்பினார், ஏனென்றால் இங்கே அந்தத் தொழில் தெரிந்தவர்கள் இல்லை. அவர்கள் வந்து ஜன்னல்களை முடித்ததோடு நிற்காமல் உள்ளூர்க்காரர்களுக்கும் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். இதை எழுதிவைத்தவர் பீட். ஏழு வயதில் இந்த மடத்தில் சேர்க்கப்பட்டு, வாழ்நாள் முழுக்க இங்கேயும் பக்கத்தில் ஜாரோவிலும் இருந்தவர். ஆங்கிலேயரின் வரலாற்றை முதன்முதலில் ஒரு பெரும் நூலாக எழுதியவரும் அவரே. எங்கள் தேவாலயத்தை வெளிநாட்டுக்காரர்கள் கட்டினார்கள் என்று எழுதுவதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. சொல்லப்போனால் பெருமையாகவே எழுதுகிறார். 1959-லிருந்து ரோஸ்மேரி கிராம்ப் இரண்டு மடங்களையும் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் கிடைத்தன. பச்சை, நீலம், மஞ்சள் கலந்த பழுப்பு. பீட் எழுதியது மண்ணுக்குள்ளிருந்து அப்படியே வந்தது.

அந்த முதல் தேவாலயத்தில் இன்று நிற்பது மேற்குச் சுவரும் அதன் முன்னால் ஒரு நுழைவு மண்டபமும். அந்த மண்டபத்தின் மேல்தான் கோபுரம். முதலில் ஒரே தளமாக இருந்தது, சீக்கிரமே இரண்டாவது தளம் ஏறியது. சுமார் 1000-ஆம் ஆண்டு வாக்கில், முந்நூறு வருடம் கழித்து, அதன் தலையில் கோபுரத்தை எழுப்பினார்கள். மேலே வழக்கமான இரட்டைத் திறப்பு, நடுவில் தூண். வெளியே நின்று பார்த்தால் பழைய கூரைச் சரிவின் கோடு சுவரில் முக்கோணமாகத் தெரியும். அதன் நடுவில் ஒரு மனித உருவம் செதுக்கியிருந்த தடம். உருவம் அரித்துப்போய்விட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே ஏழாம் நூற்றாண்டு, மேலே பத்தோ பதினொன்றோ. ரிக்மனின் வாதத்தைப் பாடமாக நடத்த இதைவிட நல்ல சுவர் கிடைக்காது.

நுழைவாசலின் இரு பக்கமும் இரட்டைத் தூண்கள் நிற்கின்றன. அதே கடைசல் தூண்கள், வளையம் வளையமாக. அடியில் இரண்டு நீண்ட உயிரினங்கள், பாம்பா பறவையா என்று சொல்ல முடியாதபடி, அலகோடு அலகு பின்னிக்கொண்டு. உப்புக்காற்றில் பாதி மறைந்துவிட்டன. அண்ணன் முட்டிபோட்டு உட்கார்ந்து போனில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“இது கையில செதுக்குனது இல்ல. கடைசல் எந்திரத்துல ஏத்திச் சுத்தியிருக்கான். கல்ல போயி சுத்தியிருக்கான் பாரேன்.”

அறிஞர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றேன். “அதான் பாத்தாலே தெரியுதே” என்றார்.

தேவாலயத்தைத் திறந்து வைத்திருந்த ஒரு வயதான அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அந்த இலையுதிர்காலத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. அண்ணன் யோசிக்கவில்லை, நார்தாம்ப்டன் என்றார். “அவ்வளவு தூரத்திலிருந்தா!” என்றார் அந்த அம்மா, உண்மையான வியப்போடு. பிறகு எங்களை உள்ளே கூட்டிப்போய், மேற்குச் சுவரின் உட்புறத்தில், தலைக்கு மிக மேலே, பிஸ்கப்பின் கொத்தனார்கள் விட்டுப்போன ஜன்னல்களைக் காட்டினார். ஆட்களைப் பார்த்து, ஆகஸ்டில் வராமல் இப்போது வந்தது நல்லது என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. அண்ணன் மட்டும் திரும்பவும் வாசலுக்குப் போய், இடதுபக்கத் தூணையும் வலதுபக்கத் தூணையும் மாறி மாறிப் பார்த்து, விரலால் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தார். நியூகாசிலுக்குப் போகும் ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.